மாதம்மாவுக்கு நான் கொடுத்த வெள்ளைச் சோறு

1

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார். ஒரு விஷயத்தை நேராகச் சொல்லி முடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, பேச்சு நாலு இடம் போய்த்தான் திரும்பும். வாத்தியார் பொறுமைசாலி. நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலாயாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வந்த நாளிலிருந்து ரப்பர் மரம்தான். பிறந்த ஊர் ஓசூர்ப் பக்கம், உத்தனப்பள்ளிக்கு அருகில் ஒரு சின்ன கிராமம். அங்கே இப்போது எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் என் தம்பி மகன் நஞ்சப்பன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கிணற்றை ஆழப்படுத்தி ஆயில் எஞ்சின் வைத்துவிட்டானாம். மேட்டுக்காட்டை வெட்டிச் சமன் செய்கிறானாம். வரும் மழைக்கு ராகி கிடையாது, அத்தனையும் நெல்தானாம். அவன் பெண்டாட்டி உண்டாகியிருக்கிறாளாம், ஆறாவது மாதம். "அவளுக்கு ஓசூர் மிஷின்ல தீட்டுன வெள்ளை அரிசிதான் வாங்கி ஆக்கிப் போடறோம். இனிமே நம்ம வூட்ல களிப்பானை அடுப்பேறாது பெரியநைனா" என்று எழுதியிருந்தான்.

எஞ்சின் வைத்ததில் சந்தோஷம்தான் எனக்கு. ஆனாலும் பதிலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ராகியை முழுசாக விட்டுவிடாதே, பிள்ளைத்தாய்ச்சிக்கு வெறும் வெள்ளைச் சோறாகப் போடாதே என்று.

போன வாரம் அதற்கு மறுபதில் வந்தது. வாத்தியார் படித்துக் காட்டினார்.

"பெரியநைனா, உங்க லெட்டரப் படிச்சுக் கேட்டு வளந்தவன் நான். மூணு வேளையும் நெல்லுச்சோறு திங்கறோம், நெல்லுச்சோறு திங்கறோம்னு எழுதுனது நீங்கதானே? நீங்க முப்பது வருஷமா சோறு தின்னுவீங்க, நாங்க மட்டும் களி திங்கணுமா? நாங்க சோறு தின்னா உங்களுக்குப் பொறுக்கலியா?"

வாத்தியார் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவன் கேட்டது நியாயம். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், போன வருஷம் இந்த வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதை ஊரில் யாருக்கும் சொல்லாமல் மறைத்தேன் நான்.

2

முதலில் அந்த மேட்டுக்காட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் ராகியைத் தனியாக விதைப்பதில்லை. ஆறு சால் ராகி போட்டால் ஏழாவது சால் அவரை. அதற்கு அக்கடி என்று பெயர். அவரையோடு அங்கங்கே துவரை, ஒரு கை கடுகு. வரப்பு ஓரம் ஆமணக்கு. காட்டின் கடைசி மேட்டில் மண் மோசமாக இருக்கும், அங்கே கொள்ளு. களை எடுக்கப் போகிற பெண்கள் மடியில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் வரும். காட்டில் எது எந்த மாதம் விளைகிறதோ அதுதான் அந்த மாதம் சட்டியில். மார்கழிப் பனியில் பச்சை அவரைக்கொட்டை உரித்துக் குழம்பு வைத்தால், களி உருண்டையைக் கிள்ளி அதில் தோய்த்து விழுங்கிக்கொண்டே இருக்கலாம். களியை மெல்லக் கூடாது, தெரியுமில்லையா? விழுங்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் நல்ல சாப்பாடு என்று நினைத்ததே கிடையாது. வேறு வழி இல்லாதவன் சாப்பாடு என்றுதான் நினைத்தோம். நெல்லுச்சோறு ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டில் வேகும். எங்கள் வீட்டில் யுகாதிக்கும், மாரியம்மன் பண்டிகைக்கும், சம்பந்தி வந்தாலும் வேகும். இன்னொன்று, யாராவது படுத்துவிட்டால். அரிசிக் கஞ்சி வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் அந்தக் கஞ்சிக்காகவே நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன். எங்கள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பொய் என்று தெரிந்தாலும் ஒரு தடவை கொடுத்தாள். இரண்டாம் தடவை விளக்குமாற்றை எடுத்தாள்.

அரிசி என்றால் மருந்து. அரிசி என்றால் மரியாதை. வெள்ளையாக இருக்க இருக்க மரியாதை கூடும். இது என் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

3

மலாயாவில் இறங்கியதும், நோய் ஏதும் இருக்கிறதா என்று முகாமில் அடைத்து வைத்துப் பார்த்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாளே அரிசி அளந்து போட்டார்கள். நானும் என் பெண்டாட்டியும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். ஊருக்குப் போன முதல் கடிதத்தில் வேறு ஒரு சேதியும் இல்லை. மூன்று வேளையும் சோறு, அவ்வளவுதான். அதைத்தான் நஞ்சப்பன் குத்திக் காட்டுகிறான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று. மரவள்ளிக்கிழங்கு, அதன் இலை, மறுபடியும் கிழங்கு. என் பெண்டாட்டி கால் வீங்கி, முகம் வீங்கிப் படுத்தாள். கடைசி நாளில் என்னைப் பார்த்து, "ஒரு வாய் அரிசிக் கஞ்சி இருந்தா எந்திரிச்சுக்குவேன்" என்றாள். தோட்டம் முழுக்கச் சுற்றினேன். ஒரு பிடி அரிசி கிடைக்கவில்லை. அவளுக்கு வாய் நனைக்கக் கிழங்கு வேகவைத்த தண்ணீர்தான் இருந்தது.

அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், இனி என் வீட்டில் ஒரு பெண் படுத்தால் அவளுக்கு அரிசி இல்லை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று.

மகன் ராயனுக்கு அப்போது பத்து வயது. இப்போது தோட்டத்து லாரி ஓட்டுகிறான். மலாய் பேசுகிறான், சீனன் கடையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுகிறான். தமிழ் பேசினாலும் நடுவில் மலாய் வந்துவிடும். அவனுக்கு ஊர்ப்பெண்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கப்பலேறிப் போய்த் தளிப் பக்கம் மாதம்மாவைப் பார்த்துக் கட்டினோம். பெண் வீட்டில் மறுநாள் காலையில் களி போட்டார்கள். என் மகன் அதை வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான். பல்லில் ஒட்டிக்கொண்டது. பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மாப்பிள்ளை களிய மெல்றாரே!" என்று சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ராகி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பான்.

மாதம்மாவை இங்கே கூட்டிவர ஆறு மாதம் ஆயிற்று. ஒரு காகிதம் இருந்தால் இன்னொன்று இருக்காது. கல்யாணம் ஆனதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். ஊரே சாட்சி என்றேன், ஊரைக் காகிதத்தில் கொண்டு வா என்றார் அதிகாரி. ஒருவழியாக வந்தாள். துறைமுகத்தில் அவள் மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே அவள் அம்மா கட்டிக் கொடுத்த ராகி மாவும், காய்ந்த அவரைக்கொட்டையும். அந்தச் சிவப்பு மாவை ஒருவர் மோந்து பார்த்தார், இன்னொருவர் விரலால் கிளறினார், என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எடுத்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டார்கள். மாதம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் சிரித்தேன். "விடும்மா, இது அரிசி தேசம். இங்க வந்து களிக்கு அழுவாங்களா?" என்றேன்.

4

இங்கே ரேஷன் அரிசி என்றால் பெரும்பாலும் புழுங்கல்தான். தஞ்சாவூர் ஆட்கள் அதை விரும்பிச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் புழுங்கல் பழக்கமில்லை, அந்த வாசனையே ஆகாது. மாதம்மா உண்டானதும் நான் ஒரு முடிவு செய்தேன். எனக்கும் ராயனுக்கும் ரேஷன் அரிசி. அவளுக்கு மட்டும் சீனன் கடையில் சயாம் பச்சரிசி. மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். அதை நானே மூன்று தண்ணீரில், தண்ணீர் தெளிகிறவரை தேய்த்துக் கழுவுவேன். பொங்கியதும் கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவேன்.

வீட்டில் வேறு பெண் இல்லை. விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ரப்பர் மரத்தைக் கீறி, பால் எடுத்து வந்து, பிறகு சமையல். நாங்கள் குடியிருக்கும் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போய்விடும் என்று வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் மதியம் வரை எனக்கு வெறும் வயிறுதான். வீட்டுக்கு வந்ததும் முதலில் அவளுக்குத்தான் தட்டு.

"அவரைக்கொட்டை கெடைக்குமா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? வாயுப் பண்டம். நல்லா சோறு தின்னு."

பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் பத்தியம். பருப்பு ஆகாது, கீரை ஆகாது, பச்சைக் காய் ஆகாது. மிளகு ரசமும் பூண்டும் வெள்ளைச் சோறும் மட்டும். ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஊரில் அது எத்தனை நாள்? வீட்டில் இருக்கும் அரிசி தீர்கிறவரைதான். உரலில் குத்திய சிவந்த அரிசி வேறு. பத்து நாளில் அது தீர்ந்துபோய் மறுபடி களிக்கு வந்துவிடுவாள். இங்கே அரிசி தீரவே இல்லை. நானும் நிறுத்தவே இல்லை.

இரண்டாம் மாதம் மாதம்மாவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு எழுவாள். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போவாள். "காலு என்னுதில்லாத மாதிரி இருக்குது மாமா" என்றாள். நான் என்ன செய்தேன்? பலவீனம் என்று நினைத்து அரிசியைக் கூட்டினேன். சோறு இறங்கவில்லை என்றபோது, குழைய வேகவைத்து வெள்ளைக் கஞ்சியாக்கி ஊட்டினேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை தஞ்சாவூர்க்காரி, வாய் நீளம். வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்ணே, அந்தப் பொண்ணு வெளுத்துப்போயி கெடக்கு. ஒரு கை புழுங்கலரிசியும் பச்சைப் பயறும் போட்டுக் கஞ்சி வச்சுக் குடுங்களேன்."

"ஒடம்பு முடியாதவளுக்குப் பயறு குடுப்பாங்களா? எங்க ஊர்ல எதிரிகூட குடுக்கமாட்டான்."

"ஆமா, ஒங்க ஊரு பெரிய சீமை! களி திங்கற ஊருக்காரரு எனக்குச் சோறு பத்திச் சொல்ல வந்துட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவள் வந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

பிறகு குழந்தை. ஒரு மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது. மாதம்மா பக்கத்தில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டித் தூக்க முடியவில்லை அவளால். "நேத்துலருந்து இப்படித்தான் மாமா. நான் பால் குடுத்தா கக்குது" என்றாள்.

5

ராயன் மந்திரிக்கிறவரைக் கூப்பிடப் போனான். அஞ்சலை என்னைக் கேட்கவில்லை, டிரஸ்ஸரைக் கூப்பிட்டு வந்துவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரைத்தான் நாங்கள் டிரஸ்ஸர் என்போம்.

அவர் மாதம்மாவின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, அப்படியே நின்றது. குழந்தையின் மாரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "என்ன சாப்பாடு குடுக்கறீங்க பெரியவரே?" என்றார்.

நான் பெருமையாகத்தான் சொன்னேன். "ஒரு கொறையும் வைக்கலைங்க ஐயா. நாங்க ரேஷன் தின்னாலும் அவளுக்கு நம்பர் ஒண்ணு சயாம் அரிசி. மூணு தண்ணி கழுவி, கஞ்சி வடிச்சு, பூ மாதிரி போடறேன். வேற ஒண்ணும் கண்ணுல காட்டறதில்ல."

அவர் பெட்டியைத் திறந்து ஊசி எடுத்தார். தாய்க்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அந்த அரிசிதான் பெரியவரே. மேல இருக்கற தவிட்டுலதான் சத்து. மிஷின்ல அது போயிடுச்சு. மிச்சம் இருந்தத நீங்க கழுவி ஊத்திட்டீங்க. பருப்பு குடுத்திருந்தா தப்பிச்சிருப்பா, அதையும் நிறுத்திட்டீங்க. இதுக்குப் பேரு பெரிபெரி. தாய்ப்பால் வழியா கொழந்தைக்கும் போயிடுச்சு."

நான் எழுந்துபோய்ச் சயாம் அரிசிப் பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

"நல்லதுன்னுதான் குடுத்தேன் ஐயா."

"தெரியும். நல்லதுன்னு நெனைக்காம யாரு இவ்வளவு கஷ்டப்பட்டுக் கழுவுவா?"

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊசியோடு இன்னொன்றும் சொன்னார். நெல்லை அவிக்கும்போது சத்து அரிசிக்குள் இறங்கிவிடுமாம், அதனால் புழுங்கலரிசி, அதோடு பச்சைப் பயறு, கீரை. கூடவே தவிடு கிடைத்தால் சலித்துக் கஞ்சியில் போடுங்கள் என்றார். நான் அன்றைக்கே சீனன் கடைக்குப் போனேன். பாதி மலாய், பாதி கையால் பேசித் தவிடு கேட்டேன். அவன் மூட்டையை இழுத்துப் போட்டு, எத்தனை பன்றி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். நான் இரண்டு விரலைக் காட்டினேன். மருமகளுக்கும் பேத்திக்கும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சலித்து, வறுத்து, கஞ்சியில் போட்டேன். கஞ்சி பழுப்பாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒங்கம்மா பாத்தா என்னை என்ன சொல்லுவாங்களோ தெரியல, மாதம்மா."

அவள் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "எங்க வூட்டுக் கூழ் மாதிரி கீது" என்றாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

குழந்தைக்கு இரண்டாம் நாள் ஊசி போட்டு வந்த மத்தியானம், லயத்து வீடுகள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். அஞ்சலை வாசலில் நின்று, "கதவச் சாத்துங்கண்ணே, காது வலிக்குது!" என்று கத்தினாள். சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். மாதம்மாவின் கால் சரியாவதற்கு மூன்று மாதம் பிடித்தது. இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறாள்.

ஊருக்கு எழுதிய கடிதத்தில், பேத்தி பிறந்திருக்கிறாள், எல்லாரும் சௌக்கியம் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

6

நஞ்சப்பனின் மறுபதில் வந்த அன்று ராயனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன்.

"வேணாம் நைனா. மருமகளுக்குப் பன்னித் தவிடு குடுத்தோம்னு ஊரெல்லாம் பேசுவாங்க. மலாயாக்காரன் மானம் போயிடும். அவன் சோறு திங்கட்டும், நமக்கென்ன?"

"அவன் பெண்டாட்டிக்கு மாசம் ஏறிக்கினு போவுதுடா."

"டாக்டருங்க இருக்காங்க அங்க."

"உத்தனப்பள்ளிலயா?"

அவன் லாரிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அதுவரை உள்ளே இருந்த மாதம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எழுதுங்க மாமா. ராகி நல்லது, அரிசி கெட்டதுன்னு எழுதுனா யாரும் கேக்கமாட்டாங்க. நெல்லு திங்கறவங்க பொறாமைல சொல்றாங்கன்னுதான் நெனைப்பாங்க. கொழந்தை அழுதுது, சத்தம் வரல, அத எழுதுங்க. என் காலப் பத்தி எழுதுங்க. எங்கம்மாவும் கேக்கட்டும்."

"ஒங்கம்மா என்னைத் திட்டுவாங்களே."

"திட்டட்டும். அப்புறம் நஞ்சப்பண்ணன் வூட்டுக்கு அவங்களே நடந்து போவாங்க."

அப்படியே எழுதச் சொன்னேன். நெல் போடாதே என்று சொல்லவில்லை. எஞ்சின் தண்ணீர் இருக்கும்போது எவன் நெல் போடாமல் இருப்பான்? நானாக இருந்தாலும் போடுவேன். சோறு தின்னாதே என்றும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மேட்டுக்காட்டில் ஒரு பக்கத்தைச் சமன் செய்யாமல் விடு. அங்கே ஆறு சாலுக்கு ஒரு சால் அவரை வழக்கம்போல் வரட்டும். நெல்லை மிஷினுக்குக் கொண்டுபோனால் ஒரு தீட்டோடு நிறுத்தச் சொல், அரிசி சிவப்பாக இருந்தால் வெட்கப்படாதே. பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பையும் கீரையையும் நிறுத்தாதே, யார் சொன்னாலும் நிறுத்தாதே. உன் பெரியநைனா நிறுத்தினான், இந்த மாதிரி ஆயிற்று. இவ்வளவுதான் எழுதினோம். குழந்தையின் அழுகையைப் பற்றி மட்டும் மாதம்மாதான் சொல்லி முடித்தாள்.

இதே சேதியைப் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்றவர் வாத்தியார். கிணற்றில் எஞ்சின் வைக்கிறவன் நஞ்சப்பன் ஒருவன்தானா, தளியில், தொரப்பள்ளியில், ராயக்கோட்டையில் எல்லாம் வைக்கத்தானே போகிறார்கள் என்றார். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். வேலிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்கிறான் என்று நினைத்தாலும் சரி.

கடிதத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். மாதம்மா தன் விரலையும் பக்கத்தில் வைத்தாள். கப்பல் தபாலில் போட வேண்டாம், நாளாகும் என்று ராயன் சொன்னான். அவ்வளவு பேசினவன் அவனேதான் லாரியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், விமானத் தபாலில் போட்டுவிட்டு வந்தான்.

நஞ்சப்பன் பெண்டாட்டிக்கு இது எட்டாவது மாதம்.